கோடெல்லாம் யாரோ போட்டதுபோல இருக்கிறது: சொந்தப் பாணிக்கு என்ன பயிற்சி?

கேள்வி: தாழ்வாரம்

பேனா, மை, கொஞ்சம் நீர்வண்ணம். தெரு, கோயில் மண்டபம், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று நேரில் பார்த்து வரைவதில் அளவும் தூரக்காட்சியும் பெரும்பாலும் சரியாக வருகின்றன. கையில் இருப்பவை 01, 03, 05 எண் ‘மைக்ரான்’ நுண்முனைப் பேனாக்கள், ஒரு பிரஷ் பேனா, 12 நிற நீர்வண்ணக் கட்டிகள் உள்ள கேக் பெட்டி, ஏ5 நோட்டு.

சிக்கல் இது. சில்பியின் கோயில் படங்களைப் பார்த்த வாரம் நோட்டு முழுக்க நுண்கோடு. ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தால் அடுத்த வாரம் முழுக்கப் பின்னல் கோடு. இன்ஸ்டாகிராமில் யாராவது வண்ணத்தை விளிம்பு தாண்டி வழியவிட்டிருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்கிறது. ஐம்பது படங்களை அடுக்கினால் ஐந்து பேர் வரைந்ததுபோல் தெரிகிறது.

மற்றவர்களைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட வேண்டுமா? ஒரே கருவி, ஒரே தாள் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் உதவுமா, கை முடங்குமா? எது பாணி, எது பிழை என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா? பயிற்சியாகச் சொன்னால் செய்து பார்க்க வசதியாக இருக்கும்.

பதில்: நிப்பும் மையும்

ஒரு வாரத்துக்குப் புதிதாக எதுவும் வரைய வேண்டாம். கடைசியாக வரைந்த நாற்பது படங்களைத் தரையில் பரப்பி, நாற்காலிமேல் ஏறி நின்று, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும்படி போனில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்குங்கள். அப்போது பொருள் மறைந்து பழக்கம் தெரியும். எது நன்றாக வந்தது என்று பார்க்க வேண்டாம். அதிகக் கருப்பு எந்த மூலையில் விழுகிறது? ஆளை எங்கே வெட்டுகிறீர்கள், முழங்காலிலா இடுப்பிலா? கோடு முடியும் இடத்தில் மெலிந்து போகிறதா, கொக்கிபோல் வளைகிறதா, சட்டென்று நிற்கிறதா? தாளில் எந்தப் பக்கம் காலியாகவே கிடக்கிறது? ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில் இரண்டு வரி எழுதுங்கள்.

சில்பி வாரம், ஆதிமூலம் வாரம் என்று நீங்கள் பிரித்துச் சொல்லும் எல்லாக் குவியலிலும் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் இரண்டு மூன்றாவது இருக்கும். உதாரணமாக, யாரைப் பின்பற்றினாலும் ஆளின் முதுகுப்புறத்தில்தான் தடித்த கோடு விழலாம், தரைக்கோடு எப்போதும் தாளின் கீழ்க்கால் பங்கில் வரலாம். அது கடன் வாங்கியதில்லை. அதில் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த பத்துப் படங்களில் தெரிந்தே இரட்டிப்பாக்குங்கள். முதுகுக்கோடு தடிமனா? இரண்டு மடங்கு தடிமனாக்கி, முன்பக்கக் கோட்டைப் பாதியாக எடுத்துவிடுங்கள். பாணியை வெளியே தேடுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான். தானாக வந்ததை அழித்துத் திருத்திவிட்டு, வேறொருவர் படத்தில் போய்த் தேடுகிறார்கள்.

இரண்டாவது, கருவி. மைக்ரான் பேனாவை நம்பியிருப்பது உங்கள் சிக்கலில் பாதி என்று சொல்வேன். 01 என்று எழுதியிருப்பதன் அகலம் 0.25 மில்லிமீட்டர், 05 என்பது 0.45 மில்லிமீட்டர். அழுத்தினாலும் மெதுவாக இழுத்தாலும் அகலம் அவ்வளவாக மாறாது. கன்னமும் கல்தூணும் ஒரே குரலில் பேசும். ஆழம் காட்ட ஒரே வழி குறுக்குக்கோடு போடுவது என்றாகிவிடும். அதனால்தான் அந்தப் பேனாவில் வரைபவர்கள் பலருடைய படங்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு ஜி நிப் (மையில் தோய்த்து வரையும், அழுத்தினால் விரியும் உலோக முனை), அதைச் செருக ஒரு கட்டை, ஒரு புட்டி இந்தியன் இங்க். தாள் வழவழப்பான கார்ட்ரிட்ஜ், கனம் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) சுற்றி. அளவு ஏ4, ஏ5 வேண்டாம். கவனிக்க வேண்டியவை: புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைச் சோப்புநீரில் துடைக்காவிட்டால் மை ஒட்டாமல் முத்தாகத் திரண்டு, தாளில் மொத்தமாகக் கொட்டும். நிப்பின் நடுத் துளைவரை மட்டும் தோய்த்து, புட்டியின் வாயில் ஒருமுறை வழித்துவிட வேண்டும். கோட்டை உங்களை நோக்கி இழுங்கள். மேல்நோக்கித் தள்ளினால் இரண்டு முனையும் தாளைக் குத்தித் தெறிக்கும். சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் நிப்புக்குள் நார் சிக்கி, கோடு திடீரென்று பட்டையாகும். தவறிக்கூட இந்தியன் இங்க்கை சாதாரண ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து இறுகினால் பேனா போயிற்று.

கருவி கையை முடக்குமா என்று கேட்டீர்கள். வான்கோ 1888-இல் ஆர்ல் ஊரில் வரைந்த நாணல் பேனாப் படங்களைப் பாருங்கள். நாணலில் மை அதிகம் நிற்காது. கோடு கருப்பாகத் தொடங்கிச் சில சென்டிமீட்டரிலேயே வறண்டுவிடும், மறுபடி தோய்க்க வேண்டும். அந்தப் புல்வெளிகளில் நாம் வியக்கிற குட்டைக் கோடு, புள்ளி, சுழி எல்லாவற்றிலும் அந்தக் கருவியின் வறட்சி இருக்கிறது. மூங்கிலிலும் செய்யலாம். பென்சில் தடிமனில் 15 சென்டிமீட்டர் காய்ந்த குச்சி, 3 சென்டிமீட்டர் சாய்வாகச் சீவி, முனையை நிப்பு வடிவில் குறுக்கி, நடுவில் 1 சென்டிமீட்டர் கீறல். கீறல் நீண்டால் முனை பிளந்துகொள்ளும்.

பதில்: கரித்துண்டு

மற்றவர்களைப் பார்த்து வரைவதை நிறுத்தாதீர்கள், ஆனால் முறையை மாற்றுங்கள். இப்போது நீங்கள் செய்வது தோற்றத்தைத் தொற்றிக்கொள்வது. ஒருவரை முழுசாக எடுத்து, அடுத்த வாரம் முழுசாக விட்டுவிடுகிறீர்கள். எதுவும் தங்காது.

ஐந்து பேர், ஆளுக்கு மூன்று படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எட்டு விஷயம் எழுதுங்கள்: கோட்டின் தடிமன் மெல்லியதற்கும் தடித்ததற்கும் எத்தனை மடங்கு, வளைவு அதிகமா நேர்க்கோடு அதிகமா, வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே எத்தனை படி, விளிம்பு வெட்டா கரைவா, நிறம், காலியிடம், சட்டத்தில் வெட்டும் இடம், எந்தப் பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். எழுதும்போதே வித்தியாசம் புரியும். பத்திரிகை ஓவியர் கோபுலுவின் படத்தில் ஆளின் சாய்வும் நிற்கிற விதமுமே அவர் யார் என்று சொல்லிவிடும், கோடு மிகக் குறைவு. சில்பியிடம் கல்லின்மேல் விழும் ஒளியும் நிழலும்தான் எல்லாம். இருவரையும் ‘பேனா ஓவியம்’ என்ற ஒரே டப்பாவில் போட்டால் ஒன்றும் கிடைக்காது. கோபுலுவிடமிருந்து சாய்வை மட்டும், இன்னொருவரிடமிருந்து மூன்று படி நிழலை மட்டும் எடுங்கள். ஓர் ஆளிடம் ஒரே ஒரு விஷயம். ஒருவரிடமிருந்து மூன்றுக்குமேல் போனால் படம் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கும்.

படியெடுக்கும்போது ஒரு விஷயத்தை வேண்டுமென்றே இல்லாமல் செய்துகொள்ளுங்கள். வான்கோ 1889–90-இல் சான்-ரெமி மருத்துவமனையில் இருந்தபோது பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவர் முன்னால் இருந்தவை கருப்பு வெள்ளை அச்சுப்படிகள். வடிவம் மில்லேயினுடையது, நிறம் முழுக்க அவரே முடிவு செய்தாக வேண்டும். அதனால் படியெடுத்தும் அவை வான்கோ படங்களாகவே நிற்கின்றன. அதேபோல ஒரு கோட்டோவியத்தை எடுத்துக் கோடே இல்லாமல் தூரிகைத் திட்டுகளால் மட்டும் போடுங்கள். வண்ணப்படத்தை ஒற்றைக் கருப்பில் போடுங்கள். அச்சு அசலாகப் படியெடுப்பது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். ஒரு விஷயம் இல்லாமல் படியெடுக்கும்போதுதான் நீங்கள் முடிவெடுக்கிறீர்கள்.

மூலமும் முக்கியம். இன்ஸ்டாகிராமில் பார்ப்பது பெரும்பாலும் மூன்றாம் கை: ஒருவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து வேறொருவர். ஓவியத்துக்கு வெளியே போய் எடுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு விதை எழுத்து வரிசை, கணிதக் குறி, ஜாதகக் கட்டம். வேறொரு ஓவியரின் தூரிகை வீச்சு இல்லை. அதற்கு முன் அவர் கேரள நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார், ஐரோப்பியத் தாக்கமுள்ள தைலவண்ணங்களும் வரைந்தார். 1911-இல் பிறந்தவர். இன்று அவர் பெயரோடு நினைவுக்கு வரும் பாணி வந்தபோது வயது 52. ஆகவே இன்னும் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று. பாணிக்குக் காப்புரிமை கிடையாது, குறிப்பிட்ட படத்துக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்த பிறகும் 60 ஆண்டு தொடரும். படியெடுத்ததை நோட்டிலேயே வையுங்கள். பொதுவில் போட்டால் யாரைப் பார்த்து வரைந்தது என்று பெயர் எழுதுங்கள், விற்க வேண்டாம்.

பதில்: முக்காலி

மேலே சொன்ன இரண்டையும் ஏற்கிறேன், ஆனால் ‘தானாக வருவதை இரட்டிப்பாக்குங்கள்’ என்பதில் ஆபத்து இருக்கிறது. தானாக வருவதெல்லாம் பாணி இல்லை. சில நேரம் அது சோம்பல், சில நேரம் தெரியாமை. தாழ்வாரம் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் அளவுகோல் இது: வேண்டும் என்றபோது வேறு மாதிரியும் வரைய முடிந்தால் அது தேர்வு. முடியாவிட்டால் அது குறை.

சோதனை எளிது. உங்கள் ஆட்களுக்குக் கை எப்போதும் பைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கிறதா? மூன்று நாள் கை மட்டும் வரையுங்கள், ஒரு நாளைக்குப் பத்து, பென்சிலை நீட்டி அளவெடுத்து. நடுவிரலின் நீளம் உள்ளங்கை நீளத்தோடு எப்படி ஒப்பிடுகிறது, கட்டைவிரல் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்து. முப்பதாவது கை நம்பும்படி வந்தபிறகும் ஆளுக்குக் கையை மறைக்கத் தோன்றினால் மறையுங்கள், அது உங்கள் முடிவு. கண்ணைப் பெரிதாக்குவது, கழுத்தை நீட்டுவது, முகமில்லாமல் விடுவது எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

கோட்டிலும் பாருங்கள். ஏ5 நோட்டில் மணிக்கட்டை ஊன்றி வரைவதால் எல்லாக் கோடும் மணிக்கட்டு சுழலும் சிறு வில்லாகவே வரும். அது உங்கள் ரசனை இல்லை, மூட்டின் அமைப்பு. நீளக்கோட்டைத் துண்டு துண்டாகத் தடவிப் போடும் மயிர்க்கோட்டுப் பழக்கமும் இங்கிருந்துதான் வருகிறது. ஏ3 தாளைச் சாய்வுப் பலகையில் நிறுத்தி, தோளிலிருந்து கையை அசைத்து, தினமும் பத்து நிமிடம் 30 சென்டிமீட்டர் கோடுகள் போடுங்கள். இரண்டு புள்ளி வையுங்கள், பேனாவைத் தாளில் படாமல் இருமுறை ஓட்டிப் பாருங்கள், பிறகு ஒரே மூச்சில் இழுங்கள். கண் சேரவேண்டிய புள்ளியில் இருக்கட்டும், பேனா முனையில் வேண்டாம். கோணலாகப் போனாலும் அதன்மேல் இன்னொரு கோடு போடக்கூடாது. சில வாரத்தில் கோட்டுக்கு வேகம் வரும். வேகம் வந்தபின் தெரிகிற நடுக்கம், வளைவு, நிறுத்தம் எல்லாம் உங்களுடையவை.

இதற்குப் பிறகு ஒரே பொருளை 24 முறை வரைவது. மனிதர் வேண்டாம், முகச்சாயல் கவனத்தை இழுத்துவிடும். தையல் மெஷின், குத்துவிளக்கு, இளநீர் வண்டி, சைக்கிள், உள்ளே காற்று ஓடும் வடிவம் எதுவானாலும் சரி.

முதல் எட்டும் பார்த்தே வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு கோணம், அரைமணி நேரம். அடுத்த எட்டுதான் இந்தப் பயிற்சியின் உயிர்: ஐந்து நிமிடம் பொருளைப் பாருங்கள், வேறு அறைக்குப் போய் நினைவிலிருந்து வரையுங்கள். திரும்பி வந்து ஒப்பிடலாம், ஆனால் அந்தப் படத்தைத் திருத்தக் கூடாது. நினைவு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாது. தையல் மெஷினில் ஒருவருக்குச் சக்கரமும் கைப்பிடியும் மட்டும் நிற்கும், இன்னொருவருக்கு மிதியின் இரும்புக் கொடி வேலைப்பாடு நிற்கும். எட்டுப் படத்திலும் எது தப்பாமல் வந்தது, எது எட்டிலும் விட்டுப்போனது என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். விட்டுப்போன பட்டியலைத்தான் ஆழ்ந்து படிக்க வேண்டும். அதில் பொருள் புரிய அவசியமானது ஏதாவது இருந்தால் அதை மட்டும் மீட்டெடுங்கள். மிச்சத்தைத் தைரியமாக விடலாம். சில்பி வந்ததும் ஆதிமூலம் வந்ததும் பார்த்து வரையும்போதுதான். நினைவிலிருந்து வரையும்போது அவர்கள் வந்து நிற்க அவ்வளவு இடமில்லை.

கடைசி எட்டுக்கு விதி வையுங்கள். கோடில்லாமல் கருப்புத் திட்டு மட்டும். நேர்க்கோடு மட்டும். பொருளைச் சுற்றியுள்ள காலியிடம் மட்டும். பேனாவை எடுக்காமல் ஒரே கோடு. பாதிப் பொருள் தாளுக்கு வெளியே. மொத்தமே இருபது கோடு. மிச்ச இரண்டு விதி உங்கள் பட்டியலிலிருந்து வரட்டும்.

டச்சு ஓவியர் மோந்திரியானின் மரங்களை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பார்த்தால் புரியும். 1908–10 காலத்துச் செம்மரம் இன்னும் மரம். 1911-இன் சாம்பல் மரத்தில் கிளைகள் வில்லாகி, இடைவெளிகள் கிளை அளவுக்கே கனக்கின்றன. 1912-இன் பூத்த ஆப்பிள் மரத்தில் அடிமரமே கிட்டத்தட்டப் போய்விட்டது. பொருளை மாற்றாததால்தான் அவர் எதை விட்டார் என்று நமக்குத் தெரிகிறது. நீங்கள் தெரு, மண்டபம், ஆள் என்று நாளுக்கொன்று மாற்றுவதால் எது மாறுகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகிறது.

பதில்: கண்ணாடித்தாள்

டேப்லெட்டில் வரைபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. தூரிகைத் தொகுப்பு வாங்கிக் குவிப்பது 12 பேனா வைத்திருப்பதைவிட மோசம், ஏனெனில் தூரிகையோடு அதைச் செய்தவரின் கோடும் சேர்ந்து வருகிறது. ஒரே உருண்டைத் தூரிகை, இரண்டு அடுக்கு, ஏ4 அளவுக்கு 2480 × 3508 பிக்சல். கோட்டை நேராக்கும் நிலைப்படுத்தியைச் சுழியத்தில் வையுங்கள். அது நடுக்கத்தோடு கையெழுத்தையும் சேர்த்து வழித்துவிடும். பெரிதாக்கி வரையாதீர்கள். 400 சதவீதத்தில் போட்ட கோடு முழுப்படத்தில் உயிரில்லாத கம்பிபோல் தெரியும். போட்ட கோட்டை நீக்கும் ‘அன்டூ’ சைகையை அணைத்துவிட்டு ஒரு மாதம் வரைந்தால், மேலே நிப்புக்குச் சொன்ன பலன் பெரும்பாலும் கிடைக்கும்.

புகைப்படத்தின்மேல் வரைந்தெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: போன் லென்ஸ் அகலக்கோணம். அருகிலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும், கட்டடத்தின் ஓரங்கள் சாயும். அதையெல்லாம் தெரியாமலே படியெடுத்தால் லென்ஸின் பாணிதான் உங்கள் பாணியாகிவிடும்.

தாழ்வாரம்

மிக்க நன்றி. நாற்பது படங்களைப் பரப்பிப் பார்ப்பதில் தொடங்கி, பிறகு ஜி நிப்பும் 24 படமும் என்று வரிசைப்படுத்திக்கொள்கிறேன். நிறத்தை என்ன செய்வது? மூன்று மாதமும் கருப்பு மட்டுமா, இல்லை அதிலும் கட்டுப்பாடு வைக்கலாமா?

பதில்: நிப்பும் மையும்

முக்காலி சொன்ன திருத்தம் சரி. இரட்டிப்பாக்கும் முன் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நிறத்துக்கு முதல் ஆறு வாரம் விடுமுறை. பிறகு 12 நிறப் பெட்டியை மூடிவிட்டு மூன்று ட்யூப்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர். நீலமும் சியன்னாவும் கலந்தால் நீலச் சாம்பலிலிருந்து பழுப்புக் கருப்புவரை எல்லாம் வரும், கருப்பு ட்யூப் தேவையில்லை. நீலமும் ஓக்கரும் மங்கிய பச்சை தரும். கேக் பெட்டியில் அப்படியே எடுத்துப் பூசும் பளீர்ப் பச்சையை விட்டு வெளியேற இதுவே போதும், வேப்பமரமும் புளியமரமும் அந்த மங்கலில்தான் நம்பும்படி நிற்கின்றன.

வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் வேண்டும், கார்ட்ரிட்ஜ் நீரில் சுருளும். நிப் ஓட வேண்டுமானால் அதிலேயே வழவழப்பான ‘ஹாட் பிரஸ்’ ரகம் கேளுங்கள். மை முழுக்கக் காய்ந்தபின் வண்ணம், தடித்த கோடுகள் காய நேரமாகும். விரலால் தொட்டுச் சோதிக்காமல் ஓரத் துண்டில் ஈரத் தூரிகையை ஓட்டிப் பாருங்கள்.

வரையும் முன் 5 × 7 சென்டிமீட்டர் பெட்டிக்குள் மூன்றே படியில் சின்னப் படம் போட்டுக்கொள்ளுங்கள்: தாளின் வெள்ளை, நடுச்சாம்பல், அடர்த்தி. ஒரு காட்சிக்கு நான்கு பெட்டி. நடுச்சாம்பலை ஒரு படத்தில் வெள்ளையோடும் அடுத்ததில் அடர்த்தியோடும் சேர்த்துப் பாருங்கள். அதே மண்டபம் இரண்டு வேறு படங்களாகிவிடும். எந்தப் பக்கம் அடிக்கடி சாய்கிறீர்கள் என்பதையும் பின்பக்கம் எழுதுங்கள். பெரிய தாளில் ஒரே இடத்தில் மூன்று பூச்சுக்குமேல் போக வேண்டாம். நாலாவதில் அடிப்பூச்சு கிளம்பிச் சேறாகும், அல்ட்ராமரின் மணல்போல் தங்கும் அழகும் போய்விடும்.

குங்குமம், மஞ்சள் பட்டு, சிவப்பு பஸ் என்று இந்த மூன்றில் எட்டாத நிறம் வந்தால் அந்த இடத்தை வெறும் தாளாக விட்டுவிடுங்கள். பத்துப் படத்துக்குப் பிறகு அந்த வெள்ளை இடங்களை மட்டும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நிறத்துக்காகத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள் என்றால், நான்காவது ட்யூப் வாங்கும் நேரம் அது.